கையைப் பூட்டி வைத்திருந்தவர்

அவரை நினைத்தால் முதலில் அந்த நாற்காலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. மூன்று வயதுக் குழந்தைகள் உட்காருவதற்கென்று செய்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஆறடி உயர மனிதர் ஒருவர், முழங்கால் இரண்டும் மார்பு வரை ஏறி நிற்க, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருப்பார். அவர் வேலை பார்த்த பெட்ரோல் நிலையத்தில் கொடுத்த கருநீலச் சட்டையை அங்கேயும் போட்டுக்கொண்டு வருவார். பக்கத்தில் நான் வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறி ஆடை கட்டிக்கொண்டிருக்கும். குடிக்க வேண்டுமானால் கையை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க மாட்டார்.

லண்டனின் தோர்ண்டன் ஹீத் பகுதியில் ஒரு சர்ச் ஹாலில், செவ்வாயும் வியாழனும் காலையில், சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பிளேகுரூப் நடந்தது. நடத்தியவர் கேரல் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆங்கிலேயரைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். நான் அங்கே உதவிக்குப் போனேன். என் மகன் கௌதமும் அதே குரூப்பில்தான் இருந்தான். வருகிற தாய்மாரில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தவர்கள். கேரல் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் என் வேலைதான். நான் திருச்சிக்காரி. கேரலின் மூக்கால் பேசும் இங்கிலீஷ், என் தமிழ், அவர்கள் தமிழ் என்று சொன்ன விஷயம் மூன்று வாசல் தாண்டிப் போய்ச் சேரும். போய்ச் சேரும்போது சமயத்தில் வேறு விஷயமாக இருக்கும்.

பெற்றோர் கூடவே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. தாய்மார் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் ஆண். மனைவிக்குக் காலையில் வேலை, அவருக்கு மாலை ஷிப்ட். அதனால் மகள் துளசியை அவர்தான் கூட்டிக்கொண்டு வருவார்.

முதல் நாள் அவர் வந்ததே போக்குவரத்து நெரிசலோடுதான். ஹாலின் வாசல் குறுகலானது. உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும். துளசி வாசலுக்கு நேராக நின்று இடது கையால் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜிப் வருவேனா என்றது. பின்னால் குழந்தைத் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. வெளியே நல்ல மழை. எனக்கு எந்த வேலையும் கடகடவென்று முடிய வேண்டும். யாராவது திணறினால் குறுக்கே கையை நீட்டிவிடுகிற ரகம் நான். குனிந்தேன்.

"நான் கழட்டி விடுறேன் அண்ணா."

"தொடாதேங்கோ தங்கச்சி."

"பின்னாடி எல்லாரும் மழையில நிக்கிறாங்களே."

"நிக்கட்டும். ஆருக்கு அவசரம்?"

"எங்களுக்குத்தான்!" என்று மழைக்குள்ளிருந்து நாலைந்து குரல்கள் கேட்டன. அவர் திரும்பியே பார்க்கவில்லை. துளசி கோட்டைக் கழற்றி, கீழே போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, கடைசியில் கொக்கியில் மாட்டிய பிறகுதான் வழி விட்டார். அன்றைக்கே தாய்மார் அவருக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். "ஆருக்கு அவசரம் வந்திட்டார்" என்றால் அவர்தான்.

கை விஷயம் எங்களுக்குத் தெரிந்தது அதற்கு அடுத்த வாரம். பிஸ்கட் நேரத்தில் தட்டு சுற்றி வந்தது. துளசி இடது கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார்.

"பிள்ளை, பீச்சங்கையாலை வாங்கக் கூடாது. சோத்துக் கையாலை வாங்கவேணும்."

துளசி அப்பாவைப் பார்த்தாள். அவர் சொன்னார், "அவளுக்கு அந்தக் கைதான் வேலை செய்யும் அக்கா. மற்றக் கை இன்னும் பழகேல்லை."

பிறகு, பெட்ரோல் விலையைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல் முழுவதையும் சொன்னார். பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்ததில் நரம்பு பழுதாகிவிட்டது. வலது கை பலவீனம், விரல்கள் பாதி மடங்கியபடியே இருக்கும். குழந்தை அந்தக் கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒற்றைக் கையாலேயே செய்யப் பழகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாராம்: இரண்டு கையும் வேண்டியிருக்கிற வேலையாகக் கொடுங்கள், வேலை இல்லாவிட்டால் குழந்தை அந்தக் கையை வேண்டாம் என்று விட்டுவிடும். பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்வதா இல்லையா என்று டிசம்பரில் டாக்டர் முடிவு சொல்வார். கை தானாக வேலைக்கு வருகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

"டிசம்பருக்குள்ளை வரப்பண்ணிப்போடுவன்," என்றார். வரும் என்றோ, கடவுள் பார்த்துக்கொள்வார் என்றோ சொல்லவில்லை.

அந்த ஹாலுக்கு வந்ததற்குக் காரணமும் அதுதான். கேரல் குழந்தைகளுக்கு ஏபிசி சொல்லித்தர மாட்டார். பேப்பர் கிழிக்க வைப்பார், மாவு உருட்ட வைப்பார், குழாய் மாதிரி இருக்கும் பாஸ்தாவில் நூல் கோர்க்க வைப்பார். பென்சில் பிடிக்கும் முன் விரலுக்குக் கிள்ளத் தெரிய வேண்டும், பிடிக்கத் தெரிய வேண்டும் என்பார். தாய்மாருக்கு இதில் பெரிய திருப்தி இல்லை. "கிழிக்கிறதை வீட்டிலையே நல்லாச் செய்யுதுகள், அதுக்கு ஏன் இஞ்சை வரவேணும்?" என்று கேட்டுவிட்டு, வேறு இடம் இல்லாததால் வந்துகொண்டிருந்தார்கள்.

நவம்பர் பிறந்ததும் கேரலுக்கு ஒரு வேகம் வந்துவிடும். அவர் ஊரில் அந்த மாதக் கடைசியில் வருவது நன்றி சொல்லும் நாள். இங்கிலாந்தில் அதை யாரும் சீந்துவதில்லை. அவர் விடுவாரா? மாதம் முழுவதும் அதற்கான கைவேலைதான். செம்மஞ்சள் தாளைக் கிழித்து இலை ஒட்டுவது, பூசணி விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் பசையில் பதிப்பது, கடைசியாக வான்கோழி. கெட்டிக் காகிதத் தட்டில் கண்ணும் மூக்கும் ஒட்டி, விளிம்பைச் சுற்றி, சாயம் பூசிய மர உடுப்புக் கிளிப்புகளை மாட்டினால் அது தோகை.

"இந்த நாட்டுக்கே இல்லாத பெருநாளுக்கு, நாங்கள் சாப்பிடாத கோழி," என்றார் ஓர் அம்மா. சிரித்தோம். ஆனால் செய்த வேலைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சிரிப்பு நின்றுபோனது. நம் பெண்களுக்குச் சுவர் என்றால் போட்டி. குழந்தைகள் ஹாலின் பின்பக்கம் கத்திக்கொண்டு ஓட, தாய்மார் சின்ன மேசைகளைச் சுற்றி முட்டி மோதி உட்கார்ந்து வான்கோழி செய்தார்கள். ஒரு தட்டில் விதைகள் கோலப்புள்ளி மாதிரி நேர்கோட்டில் இருந்தன. இன்னொன்று வான்கோழி என்று சொன்னால் மயில் கோபித்துக்கொள்ளும். கௌதமின் கோழிக்கு நான் ஜிகினாவும் ஜரிகையும் வைத்தேன். அது யாருடைய கோழி என்று கேட்டதற்கு அவன், "அம்மாவோட," என்று உண்மையைச் சொன்னான்.

இத்தனை அமளிக்கும் நடுவே ஒரு மேசை மட்டும் அமைதியாக இருக்கும். துளசி ஒரு தாளைக் கிழித்துக்கொண்டிருப்பாள். தாள் கிழிக்க இரண்டு கை வேண்டும் என்பதே அவளைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஒரு முனையை மோவாய்க்குக் கீழே வைத்து அழுத்துவாள், பல்லால் கடிப்பாள், முழங்காலால் அமுக்குவாள். வலது கையை மட்டும் கூப்பிட மாட்டாள். அவர் எதிரே அந்தச் சிவப்பு நாற்காலியில் இருப்பார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களுக்குத் தங்கள் வாயும் சேர்ந்து திறக்குமே, அப்படி அவள் ஒவ்வொரு முறை முயலும்போதும் அவர் உதடு அசையும். நவம்பர் குளிரில் நெற்றி வியர்க்கும். முடியாமல் போனால் எழுந்து, "ஒருக்காச் சுத்திப்போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு, ஹாலை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடியும் கையை அடியில் கொடுத்து உட்கார்ந்துவிடுவார்.

"ஏண்ணா எப்பவும் கை மேலயே உட்கார்றீங்க? மரத்துப் போகாதா?"

"மரக்கும். வெளியிலை விட்டால் அது தன்ரை பாட்டிலை போயிடும் தங்கச்சி. அதுதான் பூட்டி வைச்சிருக்கிறன்."

அவர் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். பொறுமையே கிடையாது. கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். மகளைத் தவிர மற்ற எல்லாரிடமும் சுள்ளென்று பேசுவார். ஹாலைப் பூட்ட வருகிற பராமரிப்பாளர் சாவிக்கொத்தை ஆட்டினால் முறைப்பார். செய்ய வேண்டும் என்று முடிவு கட்டியதைச் செய்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவர் சுற்றப் போன சமயம். துளசி பாஸ்தாத் துண்டுக்குள் நூலை விடப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் வாசல் வரை வந்து மடங்கி மடங்கித் திரும்பியது. என் கையில் கழுவ வேண்டிய பசைத் தூரிகைகள். எத்தனை நேரம்தான் பார்ப்பது? சட்டென்று குனிந்து நூலை இழுத்து விட்டேன். குழந்தை சிரித்தாள். அவர் திரும்பி வந்தார், மேசையைப் பார்த்தார், கையை வெளியே எடுத்தார். அந்த ஒரு பாஸ்தாவை நூலிலிருந்து உருவி மேசையில் திருப்பி வைத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணே ஒண்ணுதானே அண்ணா!"

"ஓம், ஒண்டுதான். அவள் இவ்வளவு நேரமும் அதோடைதானே மல்லுக்கட்டினவள்? நீங்கள் அதைப் பறிச்சுப்போட்டியள்."

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் கோபம் எனக்குத்தான் பாரமாக இருந்தது.

இன்னொரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்தத்தில் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். கதவு திறந்தது. துளசியின் ஒரு கையுறை கழன்று விழுந்திருந்தது. அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டே இருந்தாள். டிரைவர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அவர் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டார். பஸ் கிளம்பியது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாரல் அடிக்க, தலைமுடியெல்லாம் ஒட்டிப்போய், அந்தச் சின்ன முதுகுக்குப் பின்னால் காற்றை மறைத்தபடி குறுக்கே நின்றுகொண்டிருந்தார். கையுறையை மாட்டிவிடாத மனிதர் காற்றை மட்டும் மறைத்துக்கொடுத்தார். என்ன பிறவியோ என்று என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

நன்றி நாள் நெருங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல். மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் துளசியைக் கூட்டி வந்தார். மெல்லிய, களைத்த பெண். எந்தத் தாயும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மகளை மடியில் உட்கார வைத்து, அவள் கைக்குள் தன் கையை விட்டு, பாதி நேரத்தில் ஒரு வான்கோழி முடித்தார். முதல் தடவையாகத் துளசியின் வேலை சுவருக்குப் போனது. அவள் அதன் கீழேயே நின்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினாள்.

வியாழக்கிழமை அவர் வந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். அவர் நின்று நன்றாகப் பார்த்தார்.

"நல்ல வடிவாயிருக்கு. இது அம்மா செய்த வான்கோழி. உன்ரை எங்கை பிள்ளை?"

துளசியின் முகம் கோணியது. பிறகு ஹாலே அதிரும்படி அழுதாள். அவர் அந்தத் தட்டைக் கழற்றவில்லை, அவளைத் தூக்கவும் இல்லை. புதுத் தட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேரல் என்னிடம் வந்தார். இங்கே வரும் குழந்தைகள் சந்தோஷமாக வீட்டுக்குப் போக வேண்டும், அதை அவரிடம் சொல் என்றார். நான் சொன்னேன். என் பங்குக்குக் கொஞ்சம் காரமும் சேர்த்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "இண்டைக்கு அழுவாள். நாளைக்குக் கோட்டுப் போட ஆரையும் கூப்பிடமாட்டாள்."

"அவ அழறதைப் பாத்துக்கிட்டு எப்படிண்ணா உங்களால உட்கார முடியுது?"

"பாக்கிறதுக்குத்தானே பக்கத்திலை இருக்கிறன்," என்றார். கேரலிடம் போய், சரி என்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தமிழ்க் கடையில், கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், அவர் மனைவியைப் பார்த்தேன். வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு தட்டுச் செய்துகொடுக்கவும் தனக்கு உரிமை இல்லையா என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பேச்சு இல்லை. "நான் பெத்த பிள்ளை அக்கா. அவள் கஷ்டப்படேக்கை பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது," என்று சொல்லி அழுதார். நானும் வாய்க்கு வந்தபடி அவர் கணவரைத் திட்டினேன். கல் நெஞ்சு என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மறித்தார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. மத்தியானம் அவள் நித்திரையாப் போனாப் பிறகு பக்கத்திலை இருந்து அந்தக் கையை எடுத்து மடியிலை வைச்சிருப்பார். ஒவ்வொரு விரலா நீட்டி நீட்டி எண்ணெய் பூசுவார். கொஞ்சுவார். அவள் முழிச்சவுடனை விட்டிடுவார். முழிப்பிலை தொடவே மாட்டார்."

நான் கத்தரிக்காயைப் பொறுக்கியபடி நின்றேன். நல்லதும் சொத்தையும் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கோடையிலேயே அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். அதனால் நான் அவரைப் பார்த்தது மொத்தமே ஒரு குளிர்காலமும் கொஞ்சம் வசந்தமும்தான். ஆனால் இன்றைக்கும் ரயிலில் ஏதாவது குழந்தை பிஸ்கட் பொட்டலத்தோடு போராடுவதைப் பார்த்தால், நீண்ட கையைப் பாதி வழியில் இழுத்துக்கொள்கிறேன். எப்போதும் முடிவதில்லை. சில சமயம் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த நவம்பர் நன்றி நாளன்று ஹால் நிறைந்திருந்தது. அப்பாக்களும் வந்திருந்தார்கள். பூசணிப் பாயசத்துக்கும் கேக்குக்கும் நடுவிலான ஒன்றை கேரல் செய்து வைத்திருந்தார். துளசியின் மேசையில் கடைசியில் ஒரு வான்கோழி முடிந்திருந்தது. கண் ஒன்று நெற்றியிலும் ஒன்று கழுத்திலும் இருந்தன. கிளிப் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்து, காற்றில் சாய்ந்த கோழி மாதிரி நின்றது. ஆனால் அதில் வேறு யாருடைய விரலும் படவில்லை. தட்டை வயிற்றாலும் மேசை விளிம்பாலும் நெரித்து வைத்துக்கொண்டு, இடது கையாலேயே மாட்டியிருந்தாள். வலது கை அதில் வந்ததா என்றால், சில நேரம் வந்து தட்டின் மேல் படுத்துக் கிடந்தது. பிடிக்கவில்லை. கைப்பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பெண்மணியை அவர் வற்புறுத்தி அழைத்திருந்தார். குழந்தை மற்றக் குழந்தைகளோடு இருக்கும்போது வந்து பாருங்கள், ஆஸ்பத்திரி அறையில் அவள் பயந்துபோகிறாள் என்று சொன்னாராம். அந்தப் பெண்மணி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கேரல் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குழந்தைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் செய்ததை ஹாலின் ஒரு முனையிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்து வந்து, யாருக்கு நன்றி சொல்ல ஆசையோ அவருக்குக் கொடுக்க வேண்டும். கௌதம் ஜிகினாக் கோழியை எனக்கே கொடுத்தான். எனக்குச் சேர வேண்டியதுதான்.

துளசியின் முறை வந்தது. தட்டை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நடு ஹாலில் கால் இடறியது. அவள் விழவில்லை. தட்டு விழுந்தது. கிளிப்புகள் தெறித்து நாலா பக்கமும் ஓடின.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"ஒருத்தரும் தொடாதேங்கோ!" அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. உடனே கேரலைப் பார்த்து, "நோ ஹெல்ப், ப்ளீஸ்!" என்றார்.

துளசி தரையில் குந்தி, கிட்டே கிடந்த கிளிப்பை எடுத்துத் தட்டில் மாட்டப் பார்த்தாள். மெழுகு போட்ட மரத்தரை. கிளிப்பால் தள்ளத் தள்ளத் தட்டு வழுக்கிக்கொண்டு தள்ளிப் போனது. நெரித்து வைக்க மேசை இல்லை. இவளும் குந்தியபடியே அதன் பின்னால் நகர்ந்தாள். தட்டு மறுபடியும் போனது. யாரோ ஒரு குழந்தை சிரித்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, பிடியுங்கோ."

அவள் அவரிடம் அப்படி எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் எழுந்து நடு ஹாலுக்குப் போய் அவள் எதிரே குந்தினார். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"அப்பா பிடிக்கமாட்டன்."

"பிடியுங்கோ!"

"மாட்டன் பிள்ளை. நீ பிடி."

"என்ன மனுசன் இவர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எல்லாருக்கும் முன்னாலை இப்பிடியோ செய்யிறது?" என்றது இன்னொன்று. அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். கேரல் இரண்டடி எடுத்து வைத்துவிட்டார். நான் கேரலின் முழங்கையை எட்டிப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. துளசி அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பிடித்துவிட்டேன். அந்த முகத்தில் அத்தனை கெஞ்சல் இருந்தது. மகளைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

துளசிக்கு முகம் சிவந்து, மூக்கு ஒழுகியது. "நீங்கள் கூடாத அப்பா!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். அப்போது, சட்டைக் கைக்குள்ளிருந்து அந்த வலது கை வெளியே வந்தது. வந்து தட்டின் விளிம்பைப் பிடித்தது. பாதி மடங்கிய விரல்கள்தான், ஆனால் கட்டை விரல் மேலேயும் மற்ற இரண்டு விரல் கீழேயுமாக நிஜமாகவே பிடித்தன. இடது கை கிளிப்பை மாட்டியது. தட்டு நகரவில்லை. இன்னொன்றை மாட்டினாள். அதற்கும் நகரவில்லை. தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தில் அப்பாவை முறைத்தபடியே மாட்டிக்கொண்டிருந்தாள். பின்வரிசைப் பெண்மணி எழுந்து நின்றிருந்தார்.

கண்ணுக்குத் தெரிந்த கிளிப்பையெல்லாம் மாட்டி முடித்து, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எதிரே குந்தியிருந்த அப்பாவைச் சுற்றிக்கொண்டு, அவர் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நடந்தாள். நேரே அம்மாவிடம் போய் நீட்டினாள்.

"தாங்க் யூ அம்மா."

அந்தப் பெண் தட்டையும் மகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு உடைந்துபோனார். ஹால் கைதட்டியது. சில தாய்மார் துளசியின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாக வேண்டும் என்ற பார்வை அது, எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் பெண்மணி அவரிடம் வந்து, குனிந்து, அறுவை சிகிச்சைக்கு இப்போது தேதி குறிக்க வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் தானே சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நடு ஹாலில் அப்படியே குந்தியிருந்தார். கைகள் இன்னும் அக்குளுக்குள்தான்.

நான் பக்கத்தில் போனேன். "எழுந்திருங்க அண்ணா."

"பாத்தனீங்களோ தங்கச்சி? ரெண்டு கையாலையும் குடுத்தவள்."

"பாத்தேன்." எனக்குத் தாங்கவில்லை. "ஆனா உங்களுக்குத் தரலையே அண்ணா. இவ்வளவும் பண்ணினது நீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு வான்கோழி என்னத்துக்கு? நான் சைவமெல்லோ," என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் போய்விட்டது. அவ்வளவு பெரிய மனிதர், அத்தனை பேருக்கும் நடுவில் தேம்பித் தேம்பி அழுதார். முகத்தை மூடிக்கொள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.